ஆஷ்பி துரை பிடித்த பெண்கள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஷ்பி துரை இரண்டாம் முறையாகச் செத்தார்.

முதல் முறை செத்தது 1901இல், மான்செஸ்டரில், தன் சொந்தக் கட்டிலில், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, எண்பத்து நாலு வயதில். இரண்டாம் முறை என் கைத்தொலைபேசியில், ஒரு மின்னஞ்சலாக. அந்த ஊர்த் தேவாலயப் பதிவேடுகளைக் கிளறிச் சொல்லும் ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் அனுப்பியிருந்தார். எட்வர்ட் ஆஷ்பி துணி ஆலை முதலாளி, பக்திமான், கல்யாணம் கட்டாதவர், ஒரு நாளும் நோயில் படுக்காதவர், இங்கிலாந்தை விட்டு ஒரு நாளும் கப்பல் ஏறாதவர் என்று அவர் மிகுந்த சந்தோஷத்தோடு எழுதியிருந்தார். எங்களுக்கு அது சாவுச் செய்தி என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

"கப்பலே ஏறாத மனுசனுக்கு யாழ்ப்பாணத்திலை எப்பிடியக்கா பிள்ளை பிறந்தது? தபாலிலை அனுப்பினவரோ?" என்று கேட்டேன்.

கமலநாயகி அக்கா சிரிக்கவில்லை. நாங்கள் நின்றது பேர்லினில் ஓர் ஆஸ்பத்திரியின் நாலாம் மாடி நடையில். பக்கத்துக் கதவுக்குப் பின்னால் முப்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி விரல் விரலாக மரத்துப்போய்க்கொண்டிருந்தாள். என் பகிடி எனக்கே கசந்தது. ஆனால் பயம் வந்தால் என் வாய் இப்படித்தான் ஓடும்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்தெட்டு. நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். இருபத்தாறு வருடமாக எங்கள் சனத்தின் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பத்திரங்களை ஜெர்மனாக்கி, எந்தப் பத்திரம் உண்மை பேசுகிறது, எது பொய் பேசுகிறது என்று மணந்து பிடிக்கப் பழகியவர். பிறகு தொலைந்த சொந்தம், பொய் மாப்பிள்ளை என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பேர்லின் நொய்கெல்னில் அவருடைய குசினி மேசைதான் எங்கள் துப்பறியும் அலுவலகம். நான் ரஜிதன். ஆறு வருடம் பஸ் ஓட்டிவிட்டு, இப்போது அக்காவின் காரை ஓட்டுகிறேன், பையைச் சுமக்கிறேன், மிச்ச நேரத்தில் ஏச்சு வாங்குகிறேன்.

கதவுக்குப் பின்னால் கிடந்தவள் சிவப்பிரியா. சிறுபிள்ளைப் பள்ளி ஆசிரியை. மூன்று கிழமைக்கு முன் கந்தசஷ்டி விரதத்தின் நாலாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். எல்லாப் படமும் எடுத்தார்கள், எதிலும் ஒன்றுமில்லை. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றியதும் எழும்பி நடந்தாள். மன அழுத்தம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் மறுபடி விழுந்தாள். இந்த முறை கால்கள் எழும்பவில்லை. நேற்று விரல்களும் போய்விட்டன.

"மூச்சுத் தசைக்கு வந்தால் இயந்திரத்தில் போட வேண்டும். இரண்டு நாள், கூடினால் மூன்று," என்று டொக்டர் ஹார்ட்விக் சொல்லியிருந்தார். நல்ல மனுசி. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும்வரை யோசித்தவர். "பெயர் தெரியாத வருத்தத்துக்கு நான் எந்த மருந்தைக் கொடுப்பது? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா?"

அந்தக் கேள்வியைத் தமிழாக்கியது அக்காதான். சிவப்பிரியாவின் தாய் மகாதேவி, மருமகன் சுலக்சன் பக்கத்தில் நிற்க, "ஒருத்தருக்கும் இல்லை" என்றார். பிறகு மின்தூக்கியடியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இருக்குத் தங்கச்சி. பேய் பிடிச்ச குடும்பமெண்டு டொக்டருக்கும் மருமோனுக்கும் சொல்லுறதோ? எங்கடை பெண்களைத் துரை பிடிக்கும்."

அவருடைய அம்மம்மாவின் தாய் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குப் பிறந்தவளாம். சார்லட் ஆஷ்பி என்று பெயர். யாழ்ப்பாணத்தில் ஆங்கில மிஷன் பள்ளியில் படித்தவள். பிறகு சைவக் குடும்பத்தில் கல்யாணம் கட்டினாள். அன்றிலிருந்து தலைமுறைக்கு ஒருத்தியைத் துரையின் ஆவி பிடிக்கிறது. வயிற்று நோவு, பிதற்றல், கைகால் சோர்வு, சாவு. கடைசியாகப் போனது மகாதேவியின் தங்கை சுகன்யாதேவி. 1987, வயது இருபத்திரண்டு. பேயை இறக்கப் பூசாரி சொன்ன பதினொரு நாள் உபவாசத்தில், ஒன்பதாம் நாள் கண்ணை மூடிவிட்டாள். அத்தாட்சியாக மகாதேவியிடம் இருந்தது ஒரே ஒரு தாள், சார்லட் ஆஷ்பியின் பள்ளிச் சான்றிதழ். அதில் ஒரு மூலையில் எட்வர்ட் ஆஷ்பி, மான்செஸ்டர் என்றும் எழுதியிருந்தது.

"பேய் தாய் வழியாலை மட்டும் வரிசையா வராது, ரஜிதன். அப்பிடி வாறது வருத்தம்தான்," என்றார் அக்கா. "துரைக்கு என்ன வருத்தமெண்டு பிடிச்சமெண்டால், இவளுக்கு என்னவெண்டு தெரியும்."

அதனால்தான் மூன்று நாளாகப் பேர்லினில் இருந்தபடியே மின்னஞ்சல் எழுதி மான்செஸ்டரில் ஆஷ்பி துரையைத் தேடினோம். தேடிக் கண்டுபிடித்தது, குண்டுக்கல்லுப் போல ஆரோக்கியமான ஒரு கிழவரை.

கதவு திறந்தது. மகாதேவி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, மூன்று நாளில் இன்னும் ஒடுங்கிவிட்ட முகம். கையில் காகிதத் துவாயில் சுற்றி ஒரு பணிஸும் இரண்டு வனிலா புடிங்கும்.

"காலமையிலையிருந்து வெறும் வயித்தோடை நிக்கிறியள். இதையாவது சாப்பிடுங்கோ."

"எனக்குச் சீனி வருத்தம் அக்கா. தம்பி சாப்பிடுவான்," என்றார் கமலநாயகி அக்கா.

"நீங்கள் சாப்பிட்டியளோ அன்ரி?" என்று கேட்டேன்.

"எனக்கு வேண்டாம் தம்பி. நீ சாப்பிடு."

எங்கள் சனம் சாவு வீட்டுக்கும் தேத்தண்ணி ஊற்றும். வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பினால் அவர்களுக்கு நித்திரை வராது. நான் பணிஸைக் கடித்து, இரண்டு புடிங்கையும் வழித்துச் சாப்பிட்டேன். முந்திய நாளும் அப்படித்தான் ஒரு கேக் துண்டு கிடைத்தது. அதற்கு முந்திய நாள் வெண்ணெய் பூசிய பாண். வழக்கு உருப்படாவிட்டாலும் வயிறு உருப்படுகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

அக்கா சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். நூறாம் தடவை.

"ரஜிதன், இதிலை மாசத்தைப் பார். ஜூலை எண்டு இங்கிலீசிலை எழுதியிருக்கு. இரண்டாவது எழுத்துக்கு மேலை என்ன?"

"மை சிந்தியிருக்கு."

"வில்லு மாதிரி வளைஞ்சு சிந்துமோ? கையெழுத்து வைச்ச ரீச்சரின்ரை பேரிலையும், பள்ளிக்கூடப் பேரிலையும், அந்த எழுத்து வாற இடமெல்லாம் அதே வில்லு. இங்கிலீசுக்காரன் அப்பிடிப் போடமாட்டான். பழைய ஜெர்மன் கையெழுத்திலைதான் அந்த வில்லுப் போடுவினம். நான் எத்தினை கிழட்டுச் சேர்ச் பத்திரம் பார்த்தனான்."

கையெழுத்து பெர்த்தா லுண்ட்னர் என்றிருந்தது. மூன்று நாளாக நாங்கள் துரையின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கையெழுத்து வைத்தவளை ஒருவரும் பார்க்கவில்லை. ஆங்கில மிஷன் பள்ளியில் ஒரு ஜெர்மன்காரி.

"வீட்டை விட்டுத் தூரம் போன பொம்பிளை என்ன செய்வாள்?" என்றார் அக்கா.

"ஊருக்குக் கடிதம் எழுதுவாள்."

"ஜெர்மன்காரர் கடிதத்தை என்ன செய்வினம்?"

"எறியமாட்டினம். இலக்கம் போட்டு வைப்பினம்."

பத்து நிமிடத்தில் என் தொலைபேசியே சொல்லிவிட்டது. லைப்சிக்கில் ஒரு சிறிய தேவாலய ஆவணக் காப்பகம். பெர்த்தா லுண்ட்னர் தன் தங்கைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நாற்பத்தொரு கடிதங்கள். பார்வையிட முன்கூட்டியே டெர்மின் எடுக்க வேண்டும். அடுத்த டெர்மின் ஜனவரி பதினாலு.

"சனவரியிலை அவளுக்குத் திவசத்துக்கு நாள் பார்க்கலாம்," என்றேன். பகிடியாகச் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னேன்.

"ஸ்ரேசனுக்குப் போ," என்றார் அக்கா.

ரயிலில் ஒரு மணி இருபது நிமிடம். அக்கா அந்த இணையப் பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தார். சுலக்சன் ஒரு தடவை அழைத்தான். "அன்ரி, குரல் மாறுது. மூக்காலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறா. ஏதும் கிடைச்சதோ?" என்றான். "தேடுறம் தம்பி," என்றார் அக்கா. யன்னலுக்கு வெளியே வெறும் வயலும் மழையும் போய்க்கொண்டிருந்தன. நான் ஜோதிடனுமில்லை, டொக்டருமில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு உள்ளுக்குள்ளே அவள் போய்விடுவாள் என்றுதான் பட்டது.

காப்பகத்தில் இருந்தவர் பெயர் ஹெர் ஃபோக்ட். இஸ்திரி போட்ட முகம். அவர் ஜெர்மனில் பேசியதை நான் தமிழில் தருகிறேன்.

"டெர்மின் இருக்கிறதா?"

"ஜனவரியில் இருக்கிறது. கொஞ்சம் நேரத்தோடு வந்துவிட்டோம்," என்றேன்.

"வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு மூடுவோம். இப்போது பன்னிரண்டு பத்து. போய் வாருங்கள்."

அக்கா ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னார். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் விதி விதிதான் என்றார். பிறகு அக்கா தொலைபேசியை நீட்டினார். பட்டியலில் கடிதங்களோடு ஒரு சின்னப் படம் இருந்தது. 'இந்திய அலங்கார வரைவு, ஒரு தாள்' என்று கீழே எழுதியிருந்தது.

"இந்த அலங்காரத்தை நீங்கள் தலைகீழாக வைத்துப் படம் எடுத்திருக்கிறீர்கள்."

"அலங்காரத்துக்குத் தலை ஏது?"

"இது அலங்காரமில்லை. தமிழ்க் கடிதம். நூற்று முப்பது வருடமாக உங்கள் பெட்டிக்குள் ஒருத்தி தலைகீழாக நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். என்ன சொல்கிறாள் என்று தெரிய வேண்டுமா, ஜனவரிவரை பொறுப்பீர்களா?"

ஹெர் ஃபோக்டின் முகத்தில் இஸ்திரி கலைந்தது. ஒரு ஜெர்மன் ஆவணக்காரனிடம் உன் பட்டியலில் பிழை இருக்கிறது என்று சொல்வதும், எங்கள் ஆட்களிடம் உன் வீட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வதும் ஒன்றுதான். மூன்று நிமிடத்தில் பெட்டி மேசைக்கு வந்தது.

அக்கா முதலில் ஜெர்மன் கடிதங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். புழு ஊர்ந்தது போன்ற அந்தக் கையெழுத்தை இப்போதைய ஜெர்மன்காரர்களே வாசிக்கமாட்டார்கள். அக்கா வாசிப்பார். 1893 மார்ச்சில் விரல் நின்றது.

"இஞ்சை இருக்கிறாள். சார்லட். பதின்மூண்டு வயசு. வயித்து நோவு, பிதற்றல், கால் எழும்பேல்லை. ஐஞ்சு நாள் ஜெபம் பண்ணினதாம். நாலு பக்கத்துக்கு ஜெபம் எழுதியிருக்கிறாள்." அக்காவின் குரல் இறங்கியது. "பிசாசு ஓடினதாம். பிள்ளை எழும்பினதாம். கர்த்தருக்குத் தோத்திரம்."

"துரைக்கு என்ன வருத்தமெண்டு எழுதேல்லையோ?"

"துரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை." பக்கத்தைத் திருப்பினார். "ஒண்டு மட்டும் விசித்திரமா எழுதியிருக்கிறாள். பிள்ளை பெய்த சலம் யன்னலடியிலை வைச்ச சட்டியிலை பின்னேரத்துக்கிடையிலை தேவாலயத்துத் திராட்சை ரசம் மாதிரிச் சிவந்துபோச்சாம். பிசாசு போன அடையாளமெண்டு இவள் நினைக்கிறாள்."

"ஜெபத்தாலை சிவப்பிரியாவை எழுப்பேலாது அக்கா. மணி பன்னிரண்டரை."

அக்கா தமிழ்த் தாளை எடுத்து நேராகத் திருப்பி வைத்தார். பிள்ளைக் கையெழுத்து. வட்ட வட்டமாக, அழுத்தி எழுதியது. அவர் உரக்க வாசிக்கத் தொடங்கினார். ஹெர் ஃபோக்டுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் அவர் எழும்பி நின்றார்.

"கனம்பொருந்திய எட்வர்ட் ஆஷ்பி துரை அவர்கள் சமுகத்துக்குச் சார்லட் ஆஷ்பி எழுதிக்கொள்வது. என் சொந்தப் பெயர் சின்னாச்சி. நீர் என் படிப்புக்கு உபகாரம் செய்கிறபடியால் உம்முடைய பெயரையும் உம்முடைய தாயார் பெயரையும் எனக்கு இட்டார்கள். இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே. உம்முடைய முகம் எனக்குத் தெரியாது. என் தகப்பன் வேலாயுதர் என்னும் கமக்காரர், காலஞ்சென்றார்."

அக்கா நிறுத்தினார். பெர்த்தா இதைத் துரைக்கு அனுப்பாமல் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தோடு வைத்து அனுப்பிவிட்டாள் போலிருக்கிறது.

மிஷன் பள்ளிகளில் அந்த வழக்கம் இருந்தது என்று அக்காவுக்குத் தெரியும். சீமையில் எந்தப் புண்ணியவான் ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவுகிறானோ, அவன் பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். தெரிந்திருந்தும், ஆஷ்பி என்ற பெயரைக் கண்டதும் எல்லாரையும் போல அவரும் இரத்தத்தைத் தேடினார். சின்னாச்சியின் நரம்பில் ஒரு சொட்டு ஆங்கில இரத்தமும் ஓடவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதரின் பெயரை அவள் பேரப்பிள்ளைகள் பேயாக்கி, நாலு தலைமுறையாக அவருக்குப் பயந்திருக்கிறார்கள்.

"முடிஞ்சுது," என்றேன். "துரையுமில்லை, துரையின்ரை வருத்தமுமில்லை. மூண்டு நாளும் சும்மா போச்சு."

"வாயை மூடு. இன்னும் இருக்கு," என்றார் அக்கா.

"என் தாயார் விரதம் பிடிக்கிறபோதெல்லாம் வயிற்று நோவுண்டாகி, புத்தி மாறிப் பேசி, கைகால் சோர்ந்து, ஒரு கந்தசஷ்டியில் மரித்தார்கள். நானும் தாயார் திவசத்துக்காக ஒருவருக்கும் தெரியாமல் நாலு நாள் உபவாசம் இருந்தேன். எனக்கும் அப்படியே வந்தது. பெர்த்தா அம்மாள் ஜெபம் பண்ணினார்கள். குசினியிலுள்ள நாகமுத்து இரண்டு மணிக்கொருதரம் பனங்கட்டிக் கஞ்சி பருக்கினாள். ஐந்தாம் நாள் எழும்பினேன். ஆகையால் நாகமுத்துவுக்கு ஒரு நல்ல சேலை அனுப்பும்படி உம்மைக் கேட்டுக்கொள்ளுகிறேன்."

அக்கா தாளை மெதுவாக வைத்தார்.

"ரீச்சர் ஜெபம் எண்டுறா. குடும்பம் பேய் எண்டுது. படுத்துக்கிடந்தவள் மட்டும் நாகமுத்துவுக்குச் சேலை கேக்கிறாள். நீ ஆரை நம்புவாய்?"

"படுத்துக்கிடந்தவளை."

"பட்டினி கிடந்தால் வருது. இனிப்புக் குடுத்தால் போகுது. சலம் சிவக்குது. டொக்டருக்குப் போன் அடி."

டொக்டர் ஹார்ட்விக் இடையில் பேசாமல் கேட்டார். சிவந்த சட்டி என்றதும், "திரும்பச் சொல்லுங்கள்," என்றார். அக்கா திரும்பச் சொன்னார். "யன்னல் வெளிச்சத்தில் வைத்த பிறகா?" என்றார். ஓமென்றார் அக்கா.

"போர்பிரியா," என்றார் டொக்டர். "அபூர்வமானது. குடும்ப வழியாக வரும். ஒரு சிறுநீர்ச் சோதனை போதும், பின்னேரம் தெரிந்துவிடும். அதுவாக இருந்தால் மருந்து இருக்கிறது. அதுவரைக்கும் இனிப்பும் மாப்பொருளும்தான் மருந்து. பட்டினிதான் நஞ்சு." உடனே அவர் குரல் தளர்ந்தது. "ஆனால் பொருந்தவில்லையே. இவள் இங்கே பட்டினி இல்லை. ஐந்து நாளாகச் சாப்பாட்டுத் தட்டு துடைத்த மாதிரித் திரும்பி வருகிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றுதான் குளுக்கோஸையும் நிறுத்தினோம். சாப்பிடுகிறவளுக்கு ஏன் கூடிக்கொண்டு போகிறது?"

அக்கா தொலைபேசியைக் கையால் பொத்தினார். என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னை முன்பு ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ரஜிதன், காலமை நீ சாப்பிட்ட புடிங் ஆரின்ரை?"

புடிங். பணிஸ். நேற்றைய கேக். முந்தநாள் பாண். தட்டை வெறுமையாக்கியது நான்தான். அந்தப் பெண்ணின் மருந்தை மூன்று நாளாக நடையில் நின்று நக்கித் தின்றிருக்கிறேன். உபசாரம் என்று நினைத்தேன். துப்பு என் கையில் கரண்டியோடு வந்தது. அதை ருசி பார்த்துவிட்டுத் துரையைத் தேடப் போனேன்.

"விரதம்," என்றேன். "திரும்பவும் விரதம் பிடிக்கிறா."

அக்கா டொக்டருக்குச் சொன்னார். டொக்டர் ஓடுகிற சத்தம் தொலைபேசியில் கேட்டது. சில நிமிடத்தில் சுலக்சனின் தொலைபேசியிலிருந்து அறையே பேசியது.

"அன்ரி, ஊசி போட விடுறா இல்லை," என்றான் சுலக்சன். அழுதுகொண்டிருந்தான். "தான் வேண்டாமெண்டால் போடேலாது எண்டு டொக்டர் சொல்லுறா. சொல்லுங்கோ அன்ரி."

பிறகு சிவப்பிரியா பேசினாள். மூக்கால் வந்த, தேய்ந்த குரல். "இண்டைக்கு ஐஞ்சாம் நாள் அன்ரி. சஷ்டியிலை குளுக்கோஸ் ஏத்தி விரதத்தை முறிச்சுப்போட்டினம். பேந்து வீட்டிலை பிடிச்சன், அதுவும் முறிஞ்சுது. இது மூண்டாந்தரம். நாளைக்கு முடிஞ்சிடும். எனக்கு மனநோய் எண்டு எழுதினவை. அம்மா ஒராள்தான் நான் சொன்னதை நம்பினவ. அம்மா சொல்லாமல் நான் முறிக்கமாட்டன்."

"அம்மாவிட்டைக் குடுங்கோ," என்றார் அக்கா.

மகாதேவி வந்தார். "நானும்தான் பிடிக்கிறன் தங்கச்சி. இரண்டு பேருமாப் பிடிக்கிறம். முடிச்சால்தான் முருகன் துரையைத் துரத்துவான். இப்ப முறிச்சால் துரை கொண்டுபோயிடுவார்."

"ஒரு கடிதம் வாசிக்கிறன், கேளுங்கோ," என்றார் அக்கா.

வாசித்தார். சின்னாச்சி, வேலாயுதர், நாகமுத்து, பனங்கட்டிக் கஞ்சி, ஒன்றும் விடாமல். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஹெர் ஃபோக்ட் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்ச் சாவியை லாச்சிக்குள் வைத்தார்.

"உங்கடை அம்மம்மாவின்ரை அம்மா தமிழ்ப் பிள்ளை, அக்கா. துரை உங்கடை படலையைக் கண்டதே இல்லை. அவரின்ரை ஆவிக்கு உங்கடை வீட்டு வழியே தெரியாது. இது உங்கடை வீட்டுப் பெண்களின்ரை உடம்பிலை உள்ள வருத்தம். பட்டினி கிடந்தால் கொல்லும். சாப்பிட்டால் விடும். முருகன் நாளைக்கும் இருப்பான். பிள்ளை இருக்கமாட்டாள்."

தொலைபேசிக்குள் ஏதோ ஒரு இயந்திரம் டிக் டிக் என்றது.

"அப்ப என்ரை தங்கச்சி," என்றார் மகாதேவி. நிறுத்தினார். "ஒன்பதாம் நாள் பால் கேட்டவள். சீனி போட்ட பால். நான்தான் குடுக்கேல்லை. கதவடியிலை நிண்டது நான்தான்."

இருபத்தாறு வருடமாகச் சாவுப் பத்திரம் மொழிபெயர்த்த அக்கா தாளிலிருந்து கையை எடுத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியாமல் செய்தது அக்கா," என்றார் கடைசியில். "இப்ப தெரியும்."

அப்போது தொலைபேசியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மெல்லிய தகர மூடி கிழிகிற சத்தம். எனக்கு அது நன்றாகத் தெரியும். அன்று காலை இரண்டு தடவை கேட்டிருந்தேன்.

"வாயைத் திற பிள்ளை," என்றார் மகாதேவி.

"அம்மா, விரதம்..."

"நான்தான் சொல்லுறன். திற. மெல்ல மெல்ல விழுங்கு. கையை டொக்டரிட்டை நீட்டு."

சுலக்சன் விம்மினான். டொக்டர் தாதியிடம் ஏதோ விரைவாகச் சொன்னார். நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். ஹெர் ஃபோக்ட் என் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

"அக்கா, நீங்களும் ஏதாவது சாப்பிடுங்கோ," என்றார் கமலநாயகி அக்கா. "இது தாய்வழியாலை வந்தது. உங்கடை உடம்பிலையும் இருக்கும். ஐஞ்சு நாள் பட்டினி கிடந்தது போதும். பக்கத்திலை என்ன இருக்கு?"

"மத்தியானத் தட்டிலை வந்த இந்த ஒரு புடிங்தான் தங்கச்சி. அது பிள்ளைக்கு," என்றார் மகாதேவி. அவர் குரலில் கோபமில்லை. உபசரிக்க முடியாமல் போன வெட்கம் மட்டும்தான் இருந்தது. "காலமை வந்ததைத் தம்பிக்குக் குடுத்திட்டன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் தாங்கியிருக்கமாட்டேன். தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தேன். ஒரு பகிடியும் வரவில்லை.

"வாங்கிக்கொண்டு வாறன் அன்ரி," என்றேன். "அதுவரைக்கும் சுலக்சனைக் கீழ்க் கடைக்கு அனுப்புங்கோ."